பக்கத்து வீட்டு வைஃபை: நஷ்டம் டேட்டாவில் இல்லை
இலத்தூர்ல சொந்த வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறீங்க. பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டு இல்லாம திறந்து கிடக்கு. "அன்லிமிடெட் பிளான்தானே, அவங்களுக்கு என்ன நஷ்டம்?"னு தோணும். நஷ்டம் டேட்டாவில் இல்லை, பேர்ல இருக்கு.

2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்பு. அதற்குச் சில நிமிடங்கள் முன்னால் வந்த மிரட்டல் மெயிலின் ஐ.பி. முகவரி, நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டைக் காட்டியது. பூட்டில்லாத அவர் வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். போலீஸ் விசாரணை வந்தது அவர் வாசலுக்குத்தான்.

உங்க பான் நம்பர்ல வேற ஒருத்தர் வரவு செலவு பண்ணினா நோட்டீஸ் யாருக்கு வரும்? அதே கணக்குதான் இதுவும். அனுமதி இல்லாம நெட்வொர்க்கில் நுழைஞ்சா, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-வது பிரிவின்படி நஷ்டஈடு கேட்கவும் இடமிருக்கு.

அதனால கதவைத் தட்டுங்க. "அண்ணாச்சி, உங்க வைஃபை திறந்து கிடக்கு, பாஸ்வேர்டு போட்டுத் தரட்டுமா?"னு கேளுங்க. என் லைன் ரிப்பேர், ரெண்டு நாள் பயன்படுத்திக்கலாமானு அப்பவே கேட்டா, பெரும்பாலும் மறுக்க மாட்டாங்க.

தினமும் தேவைன்னா சொந்தக் கனெக்‌ஷன் போடுங்க. உங்க சம்பளத்துக்கான செலவை அடுத்தவர் பில்லில் எழுதாதீங்க.