வேருக்கும் மூச்சு வேண்டும்

தொட்டிச் செடி வாடியதும் நம் கை தண்ணீர்ச் செம்பைத்தான் தேடுகிறது. பல வீடுகளில் செடியைக் கொல்வதே அந்தத் தண்ணீர்தான். நீர் வடியாத மண்ணில் காற்றுக்கு இடமில்லை. காற்றில்லாத வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. மண் சொதசொதவென்று இருக்கும்போதே இலை துவண்டு தொங்குவது இதனால்தான். தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றினால் செடி பிழைக்காது.

இந்த ஆபத்தை நன்றாகக் குறைப்பது சுட்ட மண்தொட்டி. அதன் சுவரெங்கும் நுண்துளைகள். ஈரம் அவற்றின் வழியே கசிந்து ஆவியாகும். பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலவே வேரும் குளிரும். தண்ணீர் ஊற்றும் முன் விரல் முட்டியால் தொட்டியைத் தட்டிப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் 'ணங்' என்று கேட்கும். ஈரமிருந்தால் சத்தம் அமுங்கி வரும். நாளடைவில் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூக்கும். பெரும்பாலும் அது போர்வெல் தண்ணீரிலும் உரத்திலும் இருக்கும் உப்பு. பூப்பு அதிகமானால், உப்பில்லாத நல்ல தண்ணீரை அடித்துளை வழியே தாராளமாக வடியும்வரை ஊற்றி மண்ணை அலசிவிட வேண்டும்.

மொட்டை மாடிக்குப் பாரம் கூடாது என்பவர்கள் பிளாஸ்டிக் தொட்டியோ வளர்ப்புப் பையோ வாங்குவது நியாயம்தான். ஆனால் பிளாஸ்டிக் சுவரில் ஈரம் கசியாது. அங்கே தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும். அடித்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கறுப்புத் தொட்டியைச் சித்திரை வெயிலில் நேராக வைத்தால் வேர் வெந்துவிடும்.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண் தன் ஈரத்தை ஜல்லியின் பெரிய இடைவெளிகளுக்குள் லேசில் விடாது. தான் முழுக்க ஊறிய பிறகே கீழே விடும். அடியில் தேங்க வேண்டிய ஈரம் ஜல்லிக்கு மேலே, வேர் இருக்கும் இடத்திலேயே தேங்கும். மண் ஒழுகாமலிருக்கத் துளைமேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்தால் போதும். வடிகால் வேண்டுமென்றால் மண்ணைத்தான் பொலபொலப்பாக்க வேண்டும்: செம்மண்ணோடு தென்னைநார்க் கழிவும் மட்கிய தொழுஉரமும் கலந்தால் அது அமையும்.

ஆழத்தையும் செடியைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். கீரைக்கு அரையடி போதும். தக்காளிக்கும் கத்தரிக்கும் ஓரடியாவது வேண்டும். சின்ன நாற்றைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிப் புளித்துப்போகும்.

மீண்டும் மண்தொட்டிக்கு வருவோம். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை குயவர் வீட்டு அடுப்பை எரிய வைக்க வேண்டுமானால், நாம் வாங்க வேண்டும். அடுத்த முறை தொட்டி வாங்கப் போகும்போது உங்கள் ஊர் மண்பாண்டக் கடைக்குப் போங்கள். பூவேலைப்பாட்டைப் பார்க்கும் முன் தொட்டியைக் கவிழ்த்து, அடியில் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.