சாப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்!

தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். கார் வாங்கப் போனால் தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்க்காமல் செக்கில் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து ஓர் உயிரை வாங்கும்போது மட்டும் நாம் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான். கலர்!

கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறவர்களைச் சொல்கிறேன். கப்பி, மோலி, தங்க மீன் வளர்ப்பவர்கள் இந்த வாரம் தப்பித்தார்கள். அவர்கள் வாங்குகிற மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. தொட்டியிலேயே கண்ணைத் திறந்தவை. போட்டதைத் தின்னும். கடல் மீன் சமாசாரம் அப்படியே தலைகீழ். தொட்டியில் இருக்கும் பெரும்பாலான கடல் மீன்கள் ஏதோ ஒரு பவளத் திட்டில் பிறந்து, வளர்ந்து, வலையில் மாட்டி, பாலிதீன் பையில் விமானம் ஏறி வந்தவை. அவற்றுக்குத் தொட்டியும் தெரியாது, உங்கள் டப்பா தீனியும் தெரியாது.

அதிலும் சில மீன்கள் இருக்கின்றனவே, மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா மாதிரி. எதை வைத்தாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றி.

மாண்டரின் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான் இருக்கும். நீலமும் ஆரஞ்சும் பச்சையும் வளைந்து வளைந்து ஓடும். பட்டுப் புடவைக் கடையில் டிசைன் போடுகிறவர்களே பொறாமைப்படுவார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா பக்கத்துக் கடல்களில் இருக்கிறது. அதன் சாப்பாடு கோபிபாட் போன்ற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பொடி உயிர்கள். பாறை இடுக்கில் தேடித் தேடி, பகல் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். ‘மூன்று வேளைச் சாப்பாடு’ என்ற கணக்கே அதற்குக் கிடையாது.

இதைக் கொண்டுபோய் புதிதாக வைத்த தொட்டியில் விட்டால் என்ன ஆகும்? பாறையில் இருக்கும் பொடி உயிர்களைச் சில நாளில் தின்று தீர்த்துவிடும். அப்புறம் பட்டினி. சட்டென்று சாகாது. அதுதான் கொடுமை. வயிறு மெல்ல மெல்ல உள்வாங்கும். முதுகெலும்பு தெரியும். அப்போதும் கலர் இருக்கும். கொத்திக்கொண்டேதான் திரியும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள், “அடடா, என்ன சுறுசுறுப்பு!” என்பார்கள். பசியில் தேடுவதற்குப் பெயர் சுறுசுறுப்பு!

இன்னொன்று, டாக்டர் மீன். பவளத் திட்டில் மற்ற மீன்களின் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்று பிழைக்கிறது. பெரிய மீன்கள் வரிசையில் நின்று அதனிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளும். உங்கள் தொட்டியில் நாலைந்து மீன்கள். டாக்டருக்கு எத்தனை பேஷண்ட் கிடைப்பார்கள்? கிளினிக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

‘ஃபைண்டிங் நீமோ’ படம் 2003-ல் வந்தது. அதில் பல் டாக்டரின் தொட்டியிலிருந்து தப்பிக்கத் திட்டம் போடும் கில் என்ற மீன் ஞாபகம் இருக்கிறதா? மூரிஷ் ஐடல் என்ற இனம். கடலில் முக்கியமாகக் கடற்பஞ்சைத் தின்று வாழ்கிறது. தொட்டியில் பிழைக்க வைப்பது மகா சிரமம் என்று பெயரெடுத்த மீன். கில் ஏன் தப்பிக்கத் துடித்தது என்பது இப்போது புரிகிறதா?

இதெல்லாம் விற்பவருக்குத் தெரியாதா? தெரியும். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கண்காணிப்பு மையம் 2003-லேயே ஓர் அறிக்கை போட்டது. உலகம் முழுக்க ஆண்டுக்கு 2 கோடியிலிருந்து 2.4 கோடி கடல் மீன்கள் வீட்டுத் தொட்டிகளுக்காக விற்கப்படுவதாகக் கணக்கு சொன்னது. மொத்தம் 1,471 இனங்கள். தொட்டிக்குச் சரிப்பட்டு வராது என்று தெரிந்தும் நிறைய விற்பனையாகும் மீன்கள் என்று இரண்டைக் குறிப்பிட்டது. எவை தெரியுமா? மேலே சொன்ன மாண்டரினும் டாக்டர் மீனும்தான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் விற்கிறார்கள். நாமும் வாங்குகிறோம்.

கடையில் நடக்கும் பேச்சு எப்போதும் இப்படித்தான் இருக்கும்:

“அண்ணே, இது சாப்பிடுமா?”

“சூப்பரா சாப்பிடும் சார்.”

“என்ன போடணும்?”

“எது போட்டாலும் சாப்பிடும். ரெண்டு நாள் பழகணும், அவ்ளோதான்.”

அந்த ‘ரெண்டு நாள்’தான் மொத்தப் பொய்யும். இரண்டு நாளில் மீன் உங்கள் வீட்டில் இருக்கும். பணம் அவர் கல்லாவில் இருக்கும்.

நான் படித்தது பி.காம். மீனை விடக் கணக்கு எனக்கு நன்றாகப் புரியும். கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, வியாபாரி பத்து மீன் வாங்குகிறார். வழியிலும் கடையிலுமாக மூன்று போய்விடுகிறது. அந்த மூன்றின் விலையையும் மிச்ச ஏழின் தலையில் வைத்து விற்றுவிடுவார். சேதாரம் அவர் கணக்கில் நேராகிவிட்டது. ஏழும் ஏழு வீடுகளில் இரண்டு மாதத்தில் சாகின்றன. இது யாருடைய நஷ்டம்? பில்லைத் திருப்பிப் பாருங்கள், ‘விற்ற மீன் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று இருக்கும். ஏழு பேரில் நான்கு பேர், “நான்தான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது” என்று குற்ற உணர்ச்சியோடு திரும்பி வந்து இன்னொன்று வாங்குவார்கள். அதாவது, மீனின் சாவு வியாபாரிக்குச் செலவு இல்லை, அடுத்த ஆர்டர். சரக்கு கெட்டுப்போனால் லாபம் கூடுகிற வியாபாரத்தை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

“நல்லபடியாகத் தொட்டியில் விடத் தெரிந்தால் சாகாது சார்” என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். சரி, அதையும் பார்த்துவிடுவோம்.

முதலில் பை. மீன் பல மணி நேரம் மூடிய பையில் வருகிறது. அதன் கழிவில் அமோனியா சேர்கிறது. கூடவே மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்கிறது. அந்த நிலையில் அமோனியாவின் விஷம் அடங்கி இருக்கும். பையைத் திறந்தீர்களோ, வாயு வெளியேறி, காரத்தன்மை ஏறி, அடங்கியிருந்தது விஷமாக மாறும். நம் ஆட்களோ பையைத் திறந்து வைத்து, ட்யூபில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை விட்டு, இரண்டு மணி நேரம் ‘பழக்குவார்கள்’. நெடுந்தூரம் வந்த பைக்கு அது பழக்கம் இல்லை, தண்டனை. பையை மூடியபடியே மிதக்க விட்டுச் சூட்டைச் சமமாக்கி, பைத் தண்ணீரின் உப்பளவுக்கு முன்கூட்டியே தயார் செய்த தனித் தொட்டிக்கு மீனைச் சட்டென்று மாற்றுவதுதான் சரி. உப்பை அதற்கப்புறம் நாள் கணக்கில் மெல்ல ஏற்றலாம்.

ஏன் தனித் தொட்டி? வெள்ளைப் புள்ளி நோய். கடல் மீன் வளர்ப்பவர்களின் அம்மை. ஒரே ஒரு புது மீன் அதைச் சுமந்து வந்தால் உங்கள் பழைய மீன்கள் அத்தனைக்கும் ஆபத்து. தாமிர மருந்து அதற்குக் கேட்கும். ஆனால் அதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் செத்துப்போகும். ஆகவே குறைந்தது நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

இங்கேதான் முடிச்சு விழுகிறது. தனித் தொட்டியில் பாறை இருக்காது, மணல் இருக்காது. கோபிபாட்டும் இருக்காது. மாண்டரின் நான்கு வாரம் எதைச் சாப்பிடும்? தனியாக வைத்தால் பட்டினி. வைக்காமல் நேராக விட்டால் மற்ற மீன்களுக்கு நோய். சரி, துணிந்து நேராக விடுகிறீர்கள். அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் டேம்சல் மீன் சும்மா விடுமா? ரயிலில் ஜன்னல் சீட்டைப் பிடித்தவர் மாதிரி, புதிதாக வருகிறவரை ஒண்ட விடாது. விளக்கை அணைத்துவிட்டு விடுவது, பாறைகளை இடம் மாற்றி வைப்பது, ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் வைத்துப் பழைய ஆட்களுக்கு அறிமுகம் செய்வது என்று வழிகள் உண்டு. செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பிடாமல் வந்த மீனுக்கு இத்தனை உபசாரமும் செய்வது, பந்தியில் இலை போட மறந்துவிட்டுப் பன்னீர் தெளிக்கிற கதைதான்.

ஆகவே கேள்வியே தப்பு என்கிறேன். ‘புது மீனை என் தொட்டியில் எப்படி விடுவது?’ என்பது இரண்டாவது கேள்வி. ‘இது சாப்பிடுகிறதா?’ என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, விற்பவர். நாள் கணக்கில் வைத்திருந்து, உயிருள்ள ஆர்டீமியாவில் ஆரம்பித்து, உறைந்த தீனிக்கு மெல்லப் பழக்கி, நோய் இல்லை என்று பார்த்து, அதற்கப்புறம் விற்பது அவருடைய வேலை. அதற்காக இரண்டு மடங்கு விலை கேட்டால் கொடுக்கலாம். தப்பே இல்லை.

“பிடிக்கிற மீனவன் பிழைப்பு என்னாவது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பாதி வழியில் சாகிற மீனால் அவனுக்கு என்ன லாபம்? குறைவாகப் பிடித்து, உயிரோடு சேர்த்து, கூடுதல் விலைக்கு விற்பதுதான் அவனுக்கும் நல்லது. நிறையப் பிடித்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தில்தான் 1960-களில் பிலிப்பைன்ஸில் சயனைடைத் தண்ணீரில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் ஆரம்பித்தது. மீன் மயங்கியது. பவளமும் செத்தது.

“தட்டில் வஞ்சிரம் வறுவல் வைத்துக்கொண்டு உபதேசமா?” என்று இன்னொரு கேள்வி வரும். வஞ்சிரம் ஒருவர் பசியை ஆற்றுகிறது. இது பட்டினி கிடந்து நம் ஹாலை அலங்கரிக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது சார்.

கடலுக்கும் இதனால் நஷ்டம். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சில பவளத் திட்டுகளிலிருந்து டாக்டர் மீன்களை மட்டும் எட்டு வருஷத்துக்கு மேல் அகற்றியபடியே இருந்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. அந்தத் திட்டுகளில் மற்ற மீன்களின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. ஊரில் ஒரே டாக்டரைக் கடத்திக்கொண்டு போனால் அப்படித்தான் ஆகும்.

அரசாங்கம் என்ன செய்கிறது? கடல்குதிரையும் பவளமும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986-லேயே வந்துவிட்டது. நல்லது. 2017 மே மாதம் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 158 இனங்களை விற்கக் கூடாது என்றது. அந்தப் பட்டியலில் கோமாளி மீனும் இருந்தது. நம் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிய அதே கோமாளி மீன்! பண்ணையில் பிறந்ததையும் கடலில் பிடித்ததையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு கிளம்பியது. சில மாதங்களிலேயே விதிகளை மொத்தமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். குளிப்பாட்டிய தண்ணீரோடு குழந்தையையும் கொட்டுவது என்பார்களே, இவர்கள் தொட்டியையும் சேர்த்து வீசிவிட்டார்கள்.

மறுபடி எழுதுங்கள் அய்யா. 158 வேண்டாம். ஒரே விதி போதும். பில்லில் ‘பண்ணையில் பிறந்தது’ அல்லது ‘கடலில் பிடித்தது’ என்று எழுத வேண்டும். கடலில் பிடித்தது என்றால், வாங்குபவர் கண்ணெதிரே அது சாப்பிட்டுக் காட்ட வேண்டும்.

அதுவரைக்கும் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் கையில் பணம் இருக்கிறதே, அதைவிடப் பெரிய சட்டம் எது? அடுத்த முறை கொளத்தூரிலோ வேறெங்கோ கடல் மீன் வாங்கப் போனால், ஒன்று மட்டும் கேளுங்கள். “அண்ணே, கொஞ்சம் தீனி போடுங்க, பார்க்கலாம்.” சாப்பிட்டதா? சந்தோஷம். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் போய் இன்னொரு முறை பாருங்கள். வயிறு நிறைந்து இருக்கிறதா, முதுகு மெலிந்திருக்கிறதா என்று பக்கத்தில் போய்ப் பாருங்கள். மழுப்பினாரா? “இப்பத்தான் சாப்ட்டுது சார்” என்றாரா? வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். கலரைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஜோடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போட்டதைத் தின்னும், பல வருஷம் இருக்கும். மாண்டரின்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறீர்களா? அதையே பண்ணையில் பிறக்க வைத்து உறைந்த தீனி தின்னப் பழக்கி அமெரிக்காவில் விற்றிருக்கிறார்கள். அந்த மாதிரி மீன் வேண்டும் என்று உங்கள் கடைக்காரரிடம் கேளுங்கள். “கிடைக்காது சார்” என்பார். பரவாயில்லை, கேட்டுக்கொண்டே இருங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு வரவழைத்து வைப்பார். வியாபாரிக்குப் புரிகிற ஒரே பாஷை அதுதான்.