காய்ச்சலோட வேலைக்குப் போகலாமா?

1/ "டாக்டர், ஒரு ஊசி போடுங்க, நைட் ஷிப்ட் போகணும்." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கிளினிக் வச்சிருக்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க. எப்போ லீவ் போடணும், எப்போ வேலைக்குப் போகலாம்னு பார்ப்போம். கடைசியில முதலாளிகளுக்கும் ஒரு விஷயம் இருக்கு.

2/ ஊசியும் பாராசிட்டமாலும் காய்ச்சலைக் குறைக்கும், வைரஸைக் கொல்லாது. உடம்பு சூடு இறங்கினதால நோய் பரவாதுன்னு அர்த்தம் இல்ல.

3/ உங்களையே மூணு கேள்வி கேட்டுக்குங்க.
- என்கிட்ட இருந்து மத்தவங்களுக்குப் பரவுமா?
- இந்த உடம்போட வேலை செஞ்சா எனக்கோ பக்கத்துல நிக்கிறவருக்கோ அடிபடுமா?
- நோய் இன்னும் முத்தக்கூடிய கட்டத்துல இருக்கேனா?
ஒண்ணுக்கு "ஆமா"ன்னாலும் வீட்லயே இருங்க.

4/ முதல் கேள்வி, பரவுறது.
- ப்ளூ மாதிரி காய்ச்சல்: மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருக்கணும்.
- அம்மை: எல்லாக் கொப்புளமும் காய்ஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும்.
- வாந்தி, பேதி: நின்னு 48 மணி நேரம். கேன்டீன்ல, ஹோட்டல்ல சமைக்கிறவங்க, பரிமாறுறவங்க இதை மீறவே கூடாது.
- மெட்ராஸ் ஐ: கண் சிவப்பும் பீளையும் குறையுற வரைக்கும்.
- இரண்டு வாரத்துக்கு மேல இருமல்: லீவ் மட்டும் போதாது. அரசு மருத்துவமனையில சளிப் பரிசோதனை இலவசம். டிபி இல்லைன்னு உறுதி பண்ணிக்குங்க.

5/ இரண்டாவது கேள்வி, எஸ்டேட்ல வேலை செய்றவங்களுக்கு ரொம்ப முக்கியம். பல சளி மாத்திரைகள்ல தூக்கம் வரவைக்கிற மருந்து இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு பவர் பிரஸ், லேத், ஃபோர்க்லிஃப்ட் பக்கம் போகாதீங்க. டூவீலரும் ஓட்டாதீங்க. ஒரு நொடி கண் சொக்கினா விரல் போயிடும். ஒரு நாள் சம்பளம் திரும்பக் கிடைக்கும், விரல் கிடைக்காது.

6/ மூணாவது கேள்விக்கு நல்ல உதாரணம் டெங்கு. காய்ச்சல் விட்டதும் "சரியாயிடுச்சு"ன்னு கிளம்பிடுறாங்க. டெங்குல ஆபத்தே காய்ச்சல் இறங்குற அந்த ஒண்ணு ரெண்டு நாள்லதான். கடும் வயித்துவலி, நிக்காத வாந்தி, ரத்தக்கசிவு, அசதி இருந்தா உடனே ஆஸ்பத்திரி. டெங்கு சந்தேகம் இருந்தா டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மருந்து வேண்டாம், ஊசியாவும் வேண்டாம்.

7/ காய்ச்சல் இல்லாத லேசான சளிக்குப் போகலாம். மாஸ்க் போடுங்க, கை கழுவுங்க. ஷேர் ஆட்டோலயும் கம்பெனி பஸ்லயும் மாஸ்க்கைக் கழட்டாதீங்க.

8/ "இதெல்லாம் சரி டாக்டர், சம்பளம்?" நியாயமான கேள்வி. இஎஸ்ஐ-ல இருக்கீங்களா பாருங்க. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் பொருந்தும். காண்ட்ராக்ட் தொழிலாளருக்கும் உண்டு. உங்க சம்பளத்துல 0.75% பிடிக்கிறாங்க, கம்பெனி 3.25% கட்டுது. தகுதி நாள் கணக்கு இருந்தா, நோய் விடுப்புக்கு வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70% கிடைக்கும். சர்டிபிகேட்டை இஎஸ்ஐ டிஸ்பென்சரியிலயே வாங்குங்க.

9/ ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. பொதுவா முதல் இரண்டு நாளுக்கு இஎஸ்ஐ பணம் தராது. ப்ளூ அதிகமாப் பரவுறதோ முதல் மூணு நாள்ல. அதாவது, ஒருத்தர் கட்டாயம் வீட்ல இருக்க வேண்டிய நாட்களுக்குத்தான் அவருக்குக் காசு இல்ல.

10/ இதோட மேல பல இடத்துல அட்டெண்டன்ஸ் போனஸ். ஒரு நாள் வரலைன்னா மொத்தமும் போச்சு. அப்புறம் தொழிலாளி காய்ச்சலோட வராம என்ன செய்வார்? அவரைப் பொறுப்பில்லாதவர்னு திட்டுறதுல எனக்கு உடன்பாடு இல்ல. கணக்குப் போட்டுத்தான் வர்றார்.

11/ முதலாளிகளே, ஹெச்ஆர் நண்பர்களே, அந்த முதல் இரண்டு நாளுக்கு நீங்க சம்பளம் கொடுங்க. காய்ச்சல் லீவை அட்டெண்டன்ஸ் போனஸ் கணக்குல சேர்க்காதீங்க. இது தர்மம் இல்ல, லாபக் கணக்கு. ஒருத்தருக்கு இரண்டு நாள் கொடுக்கிறது மலிவா, ஒரு லைனே படுத்துக்கிறது மலிவா?

12/ உங்க கம்பெனியில காய்ச்சலுக்கு லீவ் கேட்டா என்ன நடக்கும்? கம்பெனி பேர் போடாம கீழே சொல்லுங்க. ஷிப்ட் போற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க.