சொற்போரா, கூச்சற்போரா?

குண்டடத்துத் தேநீர்க்கடையில் இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சி முழங்குகிறது. திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களில் பகலெல்லாம் உழைத்துப் பல்லடம் வழியே பேருந்தில் திரும்பிய தொழிலாளர் சிலர் நின்று பார்க்கின்றனர். திரையில் நால்வர், நால்வர் வாயும் ஒருங்கே திறக்கின்றன, ஒருவர் சொல்லும் செவிக்கு எட்டவில்லை. இதற்குத்தான் 'டிபேட்' என்று பெயராம்! பெயரும் தமிழன்று, பண்பும் தமிழன்று.

சொல்லாடலுக்கு இலக்கணம் வகுத்த இனம் தமிழினம். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் யாத்த பவணந்தியார், பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தார் என்று கொங்குநாட்டார் பெருமையொடு கூறுவர். அவர் நூலாசிரியர்க்கு எழுவகைக் கொள்கைநெறி கூறினார். அவற்றுள் முதலில் நிற்பது எது? பிறர் கருத்துக்கு உடன்படுதல்! அதன் பின்னரே மறுத்தலும், ஏற்றுப் பின் களைதலும், தான் ஒன்றை நாட்டி நிறுவுதலும், இருவர் மாறுகோளுள் ஒன்றைத் துணிதலும் வருகின்றன. பிறர் நூற்குற்றம் காட்டலும், பிறவற்றொடு படாது தன்கொள்கையே கொள்ளலும் இறுதியில் நிற்பன. இன்றைத் திரையோ முன்னைந்தையும் எறிந்துவிட்டுப் பின்னிரண்டையே பற்றிக்கொண்டது. அவற்றிலும் நூற்குற்றம் போய் ஆட்குற்றம் வந்து அமர்ந்தது. கரணியம் வெளிப்படை. எதிரியின் கூற்றில் உண்மையுண்டு என்று ஒப்பும் கட்சிப்பேச்சாளர் மறுநாள் அப்பொறுப்பில் இரார். பூசல் ஓய்ந்தால் விளம்பரப் பணமும் ஓயும்!

கட்சிச் சார்பே குற்றம் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. 1935இல் தோன்றிய விடுதலையும், 1942இல் தோன்றிய முரசொலியும் சார்புடைய ஏடுகளே, இவ்விதழும் சார்புடையதே. ஆயினும், ஏட்டில் எழுதியது நிற்கும். அதனை எடுத்துவைத்து மறுக்கலாம். திரைக்கூச்சலோ காற்றோடு போய்விடும். சினம் மட்டுமே எஞ்சும்.

1993இல் சன், 1999இல் செயா, 2007இல் கலைஞர் எனத் தொலைக்காட்சிகள் வரிசையாய் எழுந்தன. 2001 சூன் 30ஆம் நாள் விடியற்கு முன் கருணாநிதி தளைப்படுத்தப்பட்டார். முதியவரைக் காவலர் இழுத்துச்செல்லும் காட்சியைச் சன் மீண்டும் மீண்டும் காட்டியது. காவலரோடு நடுவணமைச்சர் கைகலக்கும் காட்சியைச் செயா காட்டியது. நிகழ்ச்சி ஒன்று; தமிழர்க்குக் கிடைத்த உண்மைகளோ இரண்டு! 2006இல் தோன்றிய மக்கள் தொலைக்காட்சி, கட்சிச் சார்புடையதாயினும், நல்ல தமிழில் செய்தி சொல்ல இயலும் என்பதையேனும் மெய்ப்பித்தது.

இதனால் இழப்பு யார்க்கு? நூல்விலை ஏற்றத்தை எதிர்த்து 2022 மே 16, 17 ஆகிய நாள்களில் திருப்பூர் ஆலைகள் கதவடைத்தன. 2025 ஆகத்து 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காட்டு வரி விதித்தது. பஞ்சின் மீதிருந்த 11 விழுக்காட்டு இறக்குமதி வரியை முன்பே நீக்கியிருக்கலாகாதா? நீக்கினால் பஞ்சு விளைப்பவன் நிலை என்ன? தையற்கூலி குறையாதிருக்க வழி யாது? குண்டடத்துத் தொழிலாளிக்கு வேண்டிய விடைகள் இவை. 'உங்கள் ஆட்சியில் நடக்கவில்லையா?' என்று ஒருவரும், 'உங்கள் ஆட்சியில்?' என்று மற்றவரும் கேட்டு முடிப்பது விடையாகுமா?

தமிழர்களே! வள்ளுவர் அவையறிதலுக்கும், அவையஞ்சாமைக்கும், பயனில சொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அவ்வளவைக்கு நிற்கும் பேச்சைக் கேளுங்கள், நில்லாததை அணைத்துவிடுங்கள். திரையை இயக்கும் பொறி நம் கையில்தான் இருக்கிறது!