மருந்து உண்டு, சட்டம் உண்டு; எடுத்துச் சொல்லப் பயின்றவர் வேண்டும்

எச்.ஐ.வி. தொற்றைக் கட்டுப்படுத்த வழியில்லை என்றிருந்த காலம் கடந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 1996 ஆம் ஆண்டில் கூட்டு மருந்துச் சிகிச்சை மேற்கு நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. உரிய காலத்தில் மருந்து தொடங்கிய ஒருவர் ஏனையோரைப் போலவே தொழில் செய்து, குடும்பம் நடத்தி, முதுமை காணும் நிலை அதன் பின்னர் உருவாயிற்று. நோர்வேயில் இம்மருந்து இலவசமாகவே வழங்கப்படுகிறது. ஆயினும், மருந்துக்கும் அதனைப் பெற வேண்டிய மனிதருக்கும் இடையே ஒரு தூரம் இருக்கின்றது. அந்தத் தூரத்தைக் கடக்க உதவுபவர்கள் தாதியர், ஆலோசகர், மொழிபெயர்ப்பாளர், பராமரிப்புப் பணியாளர் ஆகியோரே. இவர்கள் எத்தகைய பயிற்சி பெறுகின்றனர் என்ற கேள்வி, ஒஸ்லோவின் குரோருட் போன்ற பகுதிகளில் வாழும் எமது மக்களுக்கு வெறும் நிர்வாகக் கேள்வியன்று.

இரண்டு வரலாறுகள் சந்திக்கும் இடம்

ஒஸ்லோவின் வடகிழக்கே உள்ள குரோருட் பள்ளத்தாக்கு குரோருட், ஸ்தொவ்னர், ஆல்னா, பியார்க்க ஆகிய நான்கு நகரப் பிரிவுகளை உள்ளடக்கியது. ஒரு காலத்தில் கல்லுடைக்கும் தொழிலுக்கும் விவசாயத்துக்கும் பெயர்பெற்றிருந்த இப்பகுதி, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அடுக்குமாடிக் குடியிருப்புகளால் நிறைந்தது. இன்று பல நாடுகளிலிருந்து வந்த மக்கள் வாழும் இடமாக அது விளங்குகின்றது. மக்கள் உயர்பள்ளிகளின் மாணவர்களாக வந்து, பின்னர் வடநோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் உழைத்து, காலப்போக்கில் தலைநகரை நோக்கி நகர்ந்த ஈழத்தமிழர் பலரும் இந்தப் பள்ளத்தாக்கிலேயே வீடு வாங்கிக் குடியமர்ந்தனர்.

1983 ஆம் ஆண்டு எமக்கு யூலைப் படுகொலைகளின் ஆண்டு. நோர்வேயின் மருத்துவ வரலாற்றில், அந்நாட்டின் முதலாவது எயிட்ஸ் நோயாளி கண்டறியப்பட்ட ஆண்டும் அதுவே. எமது மக்கள் இந்நாட்டில் கால்பதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நோர்வே மக்களும் இந்நோயின் அச்சத்தோடு போராடிக்கொண்டிருந்தனர். தொற்று உள்ளது என்பதற்காக உணவகப் பணியாளர் ஒருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அது சட்டவிரோதம் என 1988 ஆம் ஆண்டில் நோர்வேயின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சமும் ஒதுக்கலும் எமது சமூகத்துக்கு மட்டும் உரியவை என எண்ணுவோர் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டும். கல்வியாலும் சட்டத்தாலுமே அந்த அச்சம் இங்கு படிப்படியாகத் தணிந்தது.

சட்டம் தருவது என்ன?

1994 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1995 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நடைமுறையில் உள்ள தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ், பொதுமக்களுக்கு ஆபத்தான தொற்றுநோய்களுள் ஒன்றாக எச்.ஐ.வி. வகைப்படுத்தப்பட்டுள்ளது. இந்த வகைப்பாடு கேட்பதற்குக் கடுமையாக ஒலித்தாலும் அதனால் விளையும் பயன் பெரிது. பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் நோயாளி பணம் செலுத்த வேண்டியதில்லை. வதிவிட அனுமதி கிடைக்காதவருக்கும் இவ்வுரிமை உண்டு.

புகலிடம் கோரி வருவோருக்குக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயமாகும், எச்.ஐ.வி. பரிசோதனையோ விருப்பத்தின் பேரில் செய்யப்படுவது. தொற்று இருப்பது தெரியவந்தால் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்படும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. கர்ப்பிணிப் பெண்கள் அனைவருக்கும் 1987 ஆம் ஆண்டு முதல் இப்பரிசோதனை வழங்கப்பட்டு வருகின்றது. தாய்க்குத் தொற்று இருப்பது முன்கூட்டியே தெரிந்து சிகிச்சை தொடங்கினால், குழந்தையை ஏறக்குறைய முற்றாகவே காப்பாற்றலாம்.

நோர்வேயில் அண்மைய ஆண்டுகளில் பதிவான தொற்றாளருள் பெரும்பகுதியினர் இந்நாட்டுக்கு வருவதற்கு முன்னரே தொற்றுக்குள்ளானவர்கள். 2022 ஆம் ஆண்டின் பின் உக்ரைன் அகதிகளின் வருகையால் இத்தொகை மேலும் உயர்ந்தது. இலங்கை, தொற்று மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்று என்பதும் உண்மை. எனவே தமிழரிடையே ஒரு பேராபத்து பரவுகின்றது எனக் கூறுவது பொய்யாகும். ஆனால் "இது எங்களுடைய நோய் அல்ல" என்ற எண்ணமே பரிசோதனையைத் தள்ளிப்போடச் செய்கின்றது. காலந்தாழ்த்திக் கண்டறியப்படும்போது உடலின் எதிர்ப்பாற்றல் பெரிதும் குன்றியிருக்கும். அறியாமலே துணைவருக்குத் தொற்று கடந்திருக்கவும் கூடும். எண்ணிக்கை சிறிதாயினும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இழப்பு சிறிதன்று.

சொல்லும் பொருளும்

வைத்தியரின் அறையில் ஒரு தமிழ்ப் பெண் அமர்ந்திருக்கின்றார் எனக் கொள்வோம். அவருக்காக மொழிபெயர்ப்பவர் அவருடைய கணவர், அல்லது இங்கு பிறந்து வளர்ந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அவரது உடலுறவு வாழ்வு பற்றிய ஒரு கேள்வியை வைத்தியர் கேட்கின்றார். அக்கேள்வி முழுமையாக அப்பெண்ணைச் சென்றடையுமா? அவரது விடை முழுமையாக வைத்தியரைச் சென்றடையுமா? இருவரில் எவரும் பொய் கூறவில்லை. ஆயினும் மருத்துவத்துக்குத் தேவையான உண்மை இடையிலேயே தொலைந்துவிடுகின்றது.

2022 சனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம் இவ்விடத்தில் பெரும் முக்கியத்துவம் பெறுகின்றது. சுகாதார சேவை உள்ளிட்ட அரச அமைப்புகள் தேவையான இடங்களில் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரைப் பயன்படுத்த வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது. அவசர நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, பிள்ளைகளை மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்துவதையும் அது தடைசெய்கின்றது. தகுதிபெற்றோர் போதாமையை உணர்ந்தே, நிறுவனங்கள் 2026 ஆம் ஆண்டின் முடிவு வரை விலக்குக் கோருவதற்கு இடமளிக்கப்பட்டது. சட்டம் முன்னே செல்ல, பயிற்சி பின்னே வருகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் பொதுவான மொழிபெயர்ப்புத் தகுதி மட்டும் இத்துறைக்குப் போதுமானதன்று. சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். பரிசோதனை முடிவு "பொசிட்டிவ்" என்று கூறப்படும்போது, அதனை நல்ல செய்தி என விளங்கிக்கொள்வோர் உளர். "நேர்மறை" என அப்படியே தமிழாக்கினால் குழப்பம் தீராது. "தொற்று இருப்பதாகப் பரிசோதனை காட்டுகின்றது" என்று கூறுவதே சரியானது. அதேபோல், குருதியில் வைரசு "கண்டறிய முடியாத அளவில்" உள்ளது என்றால் நோய் முற்றாக நீங்கிவிட்டது என்று பொருளல்ல. மருந்தை நிறுத்தினால் அது மீண்டும் பெருகும். இந்த ஒரு சொற்றொடரைத் தவறாக விளங்கிக்கொண்டவர் மருந்தையே கைவிடக்கூடும்.

மறுபுறத்தில், அதே சொற்றொடரில் பெரும் நம்பிக்கையும் அடங்கியுள்ளது. ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள இணைகளை ஐரோப்பிய நாடுகளில் ஆராய்ந்த 'பார்ட்னர்' ஆய்வின் முடிவுகள் 2016, 2019 ஆம் ஆண்டுகளில் வெளியாயின. மருந்தினால் வைரசு அடக்கப்பட்டிருந்த துணைவரிடமிருந்து உடலுறவின் மூலம் மற்றவருக்குத் தொற்று கடந்ததாக ஒரு நிகழ்வு கூட அவற்றில் காணப்படவில்லை. 2015 ஒக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள நோர்வேயின் தண்டனைச் சட்டமும், பிறரைத் தொற்று ஆபத்துக்கு உட்படுத்துவதைக் குற்றமெனக் கூறும் அதேவேளை, தகுந்த தடுப்பு முறைகளைக் கைக்கொண்டவருக்குத் தண்டனையில்லை என்கின்றது. திருமணம், குழந்தைப்பேறு என்பவற்றை எண்ணிக் கலங்கும் ஓர் இளைஞருக்கு இவ்விரண்டையும் தமிழில் பிழையின்றி விளக்கக்கூடியவர் எத்தகைய ஆறுதலாக இருப்பார்!

எயிட்ஸ் என்ற சொல்லுக்கு முன் "ஆட்கொல்லி", "உயிர்க்கொல்லி" என்னும் அடைமொழிகளைச் சேர்த்தே தமிழ் ஏடுகளும் சுவரொட்டிகளும் நெடுங்காலம் எழுதிவந்தன. மருந்தில்லாத காலத்தில் எச்சரிக்கைக்காக எழுந்த சொற்கள் இன்று மனிதரைப் பரிசோதனையிலிருந்து விரட்டுகின்றன. பயிற்சி என்பது புதியதைக் கற்பது மட்டுமன்று. பழைய சொற்களை மறப்பதுமாகும்.

எல்லாக் குருதியும் ஒன்றே

எமது மக்களுள் பலர் நோயாளிகளாக மட்டுமன்றி, மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் துப்புரவுப் பணியிலும் ஊழியர்களாகவும் உள்ளனர். "யாருக்குத் தொற்று உள்ளது என்று எங்களுக்குச் சொல்ல வேண்டாமா?" என்ற கேள்வி இத்தொழில்களில் எழுவது இயல்பு. இக்கேள்விக்கு மருத்துவ உலகம் 1980களிலேயே விடை கண்டுவிட்டது. எவருடைய குருதியையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்பதே அவ்விடை. கையுறை அணிதல், ஊசிகளைத் தடித்த கொள்கலனில் இடுதல், பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி பொருத்தாமை ஆகியவை எல்லா நோயாளரிடத்தும் கடைப்பிடிக்கப்படும்போது, தனியொருவரின் இரகசியம் வெளிவரத் தேவையில்லை.

தவறுதலாக ஊசி குத்திவிட்டாலும் பதற்றம் வேண்டியதில்லை, தாமதமும் கூடாது. சிகிச்சை பெறாத தொற்றாளரின் குருதி படிந்த ஊசி குத்தினால்கூட, தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3 மட்டுமே. உடனே மேலாளருக்கு அறிவித்து, 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி, நான்கு வாரங்கள் உட்கொண்டால் அந்த வாய்ப்பும் வெகுவாகக் குறையும். வேலை பறிபோகும் என்றஞ்சி மறைப்பவர் இப்பாதுகாப்பை இழக்கின்றார். உரிமைகளை அறியாத தற்காலிக ஊழியருக்கே இப்பயிற்சி முதலிற் கிட்ட வேண்டும்.

தமிழகமும் தாயகமும் தரும் பாடம்

இந்தியாவின் முதலாவது எச்.ஐ.வி. தொற்றுகள் 1986 ஆம் ஆண்டில் சென்னையிலேயே கண்டறியப்பட்டன. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சொலமனின் வழிகாட்டலில், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா மேற்கொண்ட ஆய்வே அதற்குக் காரணமாயிற்று. 1993 ஆம் ஆண்டில் சுனிதி சொலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையம் சிகிச்சையோடு ஆலோசனையையும் பயிற்சியையும் இணைத்தது. தாம்பரம் அரச நெஞ்சக மருத்துவமனை, 2004 ஏப்ரலில் அரசின் இலவச மருந்துத் திட்டம் தொடங்கிய இடங்களுள் ஒன்றாகி, மருத்துவரும் தாதியரும் வந்து பயிலும் களமாயிற்று. தொற்றுடன் வாழ்வோரே 1990களின் இறுதியில் சென்னையில் தமக்கென அமைப்புகளை உருவாக்கி, பிறருக்கு வழிகாட்டுவோராயினர். இத்துறையின் அறிவு தமிழில் பேசப்பட்டு, தமிழில் சோதிக்கப்பட்டு வந்துள்ளது. நோர்வே மொழிப் பாடநூலிலிருந்து மட்டும் அதனைப் பெயர்த்தெடுக்க வேண்டிய நிலை எமக்கில்லை.

அதே தமிழகத்தில் 2018 ஆம் ஆண்டின் இறுதியில் சாத்தூரில் நேர்ந்த துயரமும் மறக்கத்தக்கதன்று. அரச மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள குருதி ஏற்றப்பட்டது. நிறுவனமும் விதியும் இருந்தும், பணியாளரின் கவனம் தவறிய இடத்தில் ஒரு குடும்பத்தின் வாழ்வு குலைந்தது. பயிற்சி ஒருமுறை பெற்றுச் சான்றிதழாய்ச் சுவரில் மாட்டும் பொருளன்று. தொடர்ந்து புதுப்பிக்கப்பட வேண்டியது.

இலங்கையில் 2019 ஆம் ஆண்டில், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று கடப்பதை ஒழித்த நாடு என உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது. ஆனால் அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 2016 இல், குளியாப்பிட்டியில் வதந்தி ஒன்றினாலேயே ஒரு சிறுவனுக்குப் பாடசாலைக் கதவுகள் மூடப்பட்டன. பின்னர் கண்டி திரித்துவக் கல்லூரி அவனை ஏற்றது. மருத்துவம் வென்ற நாட்டிலும் வாய்ப்பேச்சு வெல்லக்கூடும் என்பதற்கு இது சான்று.

செய்ய வேண்டியது

ஐக்கிய நாடுகள் எயிட்ஸ் அமைப்பின் கணிப்பின்படி, 2024 ஆம் ஆண்டில் உலகில் 4 கோடியே 8 இலட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தனர், அவர்களுள் 3 கோடியே 16 இலட்சம் பேருக்கே சிகிச்சை கிட்டியது. 2025 சனவரியில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது, பல நாடுகளில் ஆலோசகரும் களப்பணியாளரும் வேலையிழந்தனர். களஞ்சியத்தில் மருந்து எஞ்சியிருந்தாலும், அதனை நோயாளியிடம் சேர்ப்பவர் இல்லையெனில் பயனில்லை என்பதை உலகம் கண்டது.

குரோருட்டில் எமக்குள்ள நிலை அத்தகையதன்று. இங்கே ஒஸ்லோவின் ஒலாபியா மருத்துவ நிலையத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்யலாம். நகரத் திருச்சபைப் பணியின் 'அக்செப்ட்' நிலையமும், தொற்றுடன் வாழ்வோரின் 'ஹிவ்நோர்கே' அமைப்பும் ஆதரவளிக்கின்றன. குறைவது, இவற்றுக்கும் எமது வீடுகளுக்கும் இடையிலான நம்பிக்கை. "மொழிபெயர்க்க வருபவர் நாளை கோயிலிலோ தமிழ்ப் பாடசாலையிலோ என்னைக் காண்பாரே" என்ற அச்சம் சிறிய சமூகத்தில் நியாயமானதே. மொழிபெயர்ப்பாளரும் இரகசியக் காப்புக் கடமைக்கு உட்பட்டவர் என்பதை மக்கள் அறிய வேண்டும். தொலைபேசி வழி மொழிபெயர்ப்பையும், பெயர் குறிப்பிடாது உரையாடுவதையும் நோயாளி கேட்கலாம் என்பதையும் அறிய வேண்டும்.

நகரப் பிரிவு நிர்வாகத்திடம் எமது அமைப்புகள் முன்வைக்கக்கூடிய கோரிக்கைகள் தெளிவானவை. சுகாதாரத் துறையில் ஏற்கெனவே பணிபுரியும் தமிழ்த் தாதியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இத்துறையில் சிறப்புப் பயிற்சி வேலை நேரத்திலேயே வழங்கப்பட வேண்டும். அப்பயிற்சியில் தொற்றுடன் வாழ்வோர் ஆசிரியர்களாக இடம்பெற வேண்டும். பிழையற்ற தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்று மருத்துவரும் மொழிபெயர்ப்பாளரும் கூடி ஆக்கப்பட வேண்டும்.

அரசிடம் கேட்பதற்கு அப்பால் நாமே செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. வைத்தியரிடம் செல்லும்போது பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் வழக்கத்தை நிறுத்துவோம். முன்பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கேட்போம். கேட்பவர் பெருகினால் மட்டுமே, பயின்றவரைத் தர வேண்டிய கட்டாயம் நிர்வாகத்துக்கு உண்டாகும்.