கிதாரின் இரு திருகுகள்

பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், வீணைக்கும் வயலினுக்கும் அருகே இன்று மின்சாரக் கிதாரும் இடம்பெற்றுவிட்டது. பளேபேட்டைக் கடைவீதியில் பிள்ளைகள் விரும்பிக் கேட்க, பெற்றோரும் வாங்கித் தருகின்றனர். சில திங்கள் சென்றதும் ஒரு முறையீடு எழுகிறது: “டோன் திருகுகள் இரண்டு இருக்கின்றன, ஒன்றைத் திருப்பினால் மற்றதன் நாதமும் சேர்ந்து மங்குகிறது. கருவி பழுது போலும். வேறு வாங்க வேண்டும்.” வேறு வாங்குமுன் இதன் காரணத்தை அறிந்துகொள்வது நலம் என்று கருதி, இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

மின்சாரத் தந்திக் கருவி நம் இசைக்கு ஒவ்வாது என்று ஐயுறும் பெரியோர்க்கு ஒரு சொல். ஆந்திரத்துப் பாலகொல்லில் 1969-இல் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014-இல் மறைந்த யு. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினிலேயே கர்நாடக இசையை நிலைநாட்டினார். சாதாரண மாண்டலினில் மீட்டிய ஒலி விரைவில் அடங்கிவிடும். கமகத்துக்கு இடம் போதாது. இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, பிக்கப்பின் துணையும் கொண்டதால் ஸ்வரம் நீண்டு நின்றது. ஆகவே கருவியின் உள்ளே ஓடும் கம்பிகளை அறிதல் இசையறிவின் ஒரு பகுதியே ஆகும்.

பிக்கப் என்பது காந்தமும், அதனைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும் சேர்ந்த உறுப்பு. எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது கம்பிச் சுருளில் சிறிதளவு மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட தத்துவம் இதுவே. கழுத்தின் பக்கத்துப் பிக்கப் கனத்த நாதம் தரும். குதிரையின் அருகே உள்ளது கூரிய நாதம் தரும். டோன் திருகின் வேலை எளியது. அதனோடு இணைந்த கண்டென்ஸர் உயர்ந்த அதிர்வுகளை மட்டும் எர்த் கம்பிக்குள் வடித்துவிடுகிறது. எவ்வளவு வடிய வேண்டும் என்பதைத் திருகு நிர்ணயிக்கிறது.

ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகளுக்கு ஒரு வால்யூமும் இரண்டு டோன்களும் இருந்தன. கழுத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று. குதிரைப் பக்கத்துக்கு ஒன்றுமில்லை. பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சின் மறுபாதியே அதற்குரிய டோனையும் தேர்ந்தெடுக்கிறது. அம்மறுபாதியில் குதிரைப் பக்கத்துக்குரிய கால் வெறுமையாக இருக்கும். அருகிலுள்ள நடுப்பிக்கப்பின் டோன் காலோடு அதனை ஒரு சிறு கம்பியால் சேர்த்தால், செவியைக் குத்தும் அந்தப் பிக்கப்பும் டோன் திருகுக்குக் கட்டுப்படும். இதற்கு ஆகும் செலவு ஒரு விரல் நீளக் கம்பியே.

கிப்ஸன் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட லெஸ் பால் கிதாரின் அமைப்பு வேறு. அதில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி வால்யூம், தனி டோன் உண்டு. ஒரு பிக்கப்பை மட்டும் ஒலிக்கச் செய்தால் அதற்குரிய டோனே வேலை செய்யும். ஸ்விட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்தாலோ, எந்த டோனைக் குறைத்தாலும் முழு நாதமும் மங்கும். முறையீட்டுக்கு உரியது இந்நிலையே. இது பழுதன்று. இரண்டு கிணற்று நீரும் ஒரே வாய்க்காலில் கூடிய பின், ஒருவர் தம் மடையைத் திறந்தால் இருவர் நீரும் வடியுமல்லவா? மின்சாரமும் அவ்வாறே, எந்தக் கண்டென்ஸர் யாருடையது என்று பார்ப்பதில்லை.

இதற்கு வழிகள் சில உண்டு. முதலாவது, செலவற்றது: இரண்டு வால்யூம்களையும் பத்திலிருந்து எட்டுக்கு இறக்கிப் பாருங்கள். பிக்கப்புகளுக்கு இடையே சிறிது தடை புகுவதால் டோன்கள் ஓரளவு விலகி நிற்கும். குறைந்த ஒலியை ஆம்ப்ளிஃபையரில் கூட்டிக்கொள்ளலாம். இரண்டாவது, வால்யூம் திருகின் நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் உரிய கம்பிகளை இடம் மாற்றுவது. ஒரு வால்யூமை மூடினால் மற்றதும் ஊமையாகும் குறை இதனால் நீங்கும். ஆயினும் வால்யூமைக் குறைக்கும்போது கூர்மையும் குறையும், டோன்களின் பிணைப்பும் முற்றும் அறாது. மூன்றாவது, ஒவ்வொரு பிக்கப்பின் திருகுகளும் பொதுக் கம்பியில் கூடுமுன் ஒரு தடையைச் சேர்ப்பது. ஃபெண்டர் 1960-இல் வெளியிட்ட ஜாஸ் பாஸ் கிதாரில் 220 கிலோ ஓம் தடைகளை வைத்து, இரு பிக்கப்புக்கும் தனித்தனி டோன் தந்தனர். இம்முறையில் ஒலியின் பலம் குன்றும். ஓரிரு ஆண்டுகளிலேயே அந்நிறுவனம் அதனைக் கைவிட்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒரே டோனை அமைத்துக்கொண்டது. நான்காவது, பிக்கப் ஒவ்வொன்றுக்கும் சிறு மின்னணுப் பெருக்கியை அமைத்துப் பின்னர் கலப்பது. முழுச் சுதந்திரம் இதில்தான் கிட்டும். ஆனால் 9 வோல்ட் பேட்டரி ஒன்றை என்றும் கவனித்துவர வேண்டும்.

ஆக, ஒரே கம்பியில் கூடிய இரு நாதங்களுக்குத் தனியுரிமை விலையின்றிக் கிடைப்பதில்லை. கூர்மை, பலம், பேட்டரி ஆகிய மூன்றில் ஒன்றை விலையாகக் கொடுத்தே ஆக வேண்டும். எதைக் கொடுப்பது என்பதை வாசிப்பவரின் பழக்கமே தீர்மானிக்கட்டும். பெரும்பாலும் ஒரு பிக்கப்பையே பயன்படுத்தும் பிள்ளைக்கு இம்மாற்றம் எதுவும் வேண்டியதில்லை. இரண்டையும் கலந்தே வாசிப்பவர்க்கு முதல் வழியைச் சொல்லிக்கொடுத்து, அது போதாதபோது மற்றவற்றை நாடலாம்.

வேண்டிய கண்டென்ஸர்களும் தடைகளும் நகரச் சந்தையை அடுத்த எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் திருகும், இரட்டைச் சுருளுக்கு 500 கிலோ ஓம் திருகும் வழக்கம். பற்றவைக்குமுன் பழைய இணைப்பைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வரைய, பெற்றோர் சரிபார்ப்பது இன்னும் நன்று.

இறுதியாக, உயிரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று. கிதாருக்குள் ஓடும் மின்சாரத்தால் தீங்கில்லை. ஆயினும் அதன் தந்திகள் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு இணைந்தவை. அங்கே கசிவு நேர்ந்தால் அது வாசிப்பவரின் விரலுக்கே வந்து சேரும். ஸ்டோன் த குரோஸ் என்னும் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972-இல் பிரிட்டனில் உள்ள ஸ்வான்ஸீ நகர மேடையில், எர்த் இணைப்புச் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். நம்மில் பலர் வாடகை வீடுகளில் வாழ்கிறோம். அங்கே மூன்று துளைப் பிளக் இருப்பதாலேயே உள்ளே எர்த் கம்பி உண்டு என்று எண்ணிவிடலாகாது. மின்வேலை அறிந்தவரைக் கொண்டு ஒருமுறை சோதித்துவிடுங்கள். எர்த் முனையை ஒடித்த பிளக்கை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். டோன் திருகுகளைத் திருத்தும் வேலை அடுத்த விடுமுறை வரை காத்திருக்கலாம். இந்தச் சோதனையை இன்றே செய்துவிட வேண்டும்.