பாராட்டு நாற்காலியிலிருந்து தொடங்கட்டும்

ஊழியர்களைப் பாராட்டுவது குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

ஜவுளி, நகை, பாத்திரக் கடைகளில் வேலை செய்கிறவர்களின் சங்கம் எங்களுடையது. ஆயுத பூஜை நெருங்கும்போது கடை உரிமையாளர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: இந்த வருஷம் ஸ்டாஃபுக்கு என்ன செய்யலாம்? நல்ல மனதோடு கேட்கிற கேள்வி இது. 2022இல் சென்னை மென்பொருள் நிறுவனம் ஒன்று 100 ஊழியர்களுக்குக் கார் கொடுத்த செய்தியைப் படித்துவிட்டு, நம் சக்திக்கு எது முடியும் என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பொதுமக்களுக்கும் எங்கள் பதிலை இங்கே எழுதிவைக்கிறோம். ஊழியருக்கு உரியது உரிய நாளில் அவர் கைக்கு வர வேண்டும். அவர் செய்கிற வேலை என்ன என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் உள்ள கடையில் அரைக் கிலோ மைசூர்பாகும் மனதை நிறைக்கும். இரண்டும் இல்லாத கடையில் வெள்ளிக் குத்துவிளக்கே கொடுத்தாலும் ஒட்டாது.

வேலை தெரிவது என்று ஏன் சொல்கிறோம்? பட்டுப் பிரிவில் நிற்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வருகிறது. மாமியாருக்கு அரக்கு வேண்டும், மணப்பெண்ணுக்கு மயில்கழுத்து வேண்டும், அப்பாவுக்கு விலை ஒத்துவர வேண்டும். இந்தப் பெண் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையை விரித்து, ஜரிகையைக் காட்டி, தன் தோளில் போட்டு நின்று காட்டுகிறார். விரிப்பின் மேல் சேலை மலையாகக் குவிகிறது. கடைசியில் "இன்னொரு கடையும் பார்த்துட்டு வர்றோம்மா" என்று எழுந்துவிடுகிறார்கள். அந்த மலை முழுவதையும் பழைய மடிப்பு மாறாமல், ஜரிகை ஒடியாமல், விலைச்சீட்டு வெளியே தெரியும்படி மடித்து அதே அலமாரியில் அவரே அடுக்க வேண்டும். பில் இல்லை, எனவே இன்சென்டிவ் இல்லை. அன்றைய கணக்கில் அந்த ஒரு மணி நேரம் வெறும் பூஜ்யம். மறுநாள் அதே குடும்பம் திரும்பி வந்து வேறொரு கவுன்டரில் வாங்கினால், பாராட்டு அந்தக் கவுன்டருக்குப் போகிறது. அவர்களைத் திரும்ப வரவைத்தது முதல் நாள் காட்டிய பொறுமைதான் என்பது மேலாளருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

பில்லை மட்டும் எண்ணுகிற பாராட்டு முறையை எங்கள் சங்கம் ஏற்கவில்லை. டார்கெட் வேண்டாம் என்பதல்ல, வியாபாரம் நடந்தால்தான் சம்பளம். ஆனால் மடிப்பவர், அடுக்குபவர், குடோனிலிருந்து பண்டல் தூக்கி வருபவர், கழிப்பறை கழுவுபவர் ஆகியோரின் பெயர் எந்தப் பில்லிலும் வராது. "இந்த மாதச் சிறந்த ஊழியர்" என்று படம் மாட்டுகிற கடைகளில் இவர்களில் ஒருவர் படத்தையாவது பார்த்த நினைவு எங்களுக்கு அபூர்வம். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அவர் என்ன செய்தார் என்பதை எல்லார் முன்னாலும் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். "பாத்ரூம் குழாய் உடைஞ்ச அன்னைக்கு ராத்திரி பத்தரை வரைக்கும் நின்னு தண்ணி வெளியேத்தினாங்க" என்று சொன்னால் அது பாராட்டு. காரணம் சொல்லாமல் கொடுக்கிற கேடயம் மற்றவர்களிடையே முணுமுணுப்பைத்தான் வளர்க்கும்.

அடுத்தது நாற்காலி. காலையில் கடை திறந்தது முதல் ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நின்றே வேலை செய்வது இந்தத் தொழிலில் வழக்கமாகிப்போனது. கால் வீக்கம், நரம்பு சுருட்டிக்கொள்வது, இடுப்பு வலி இவையெல்லாம் வயதான பிறகு வருவதல்ல, இருபதுகளிலேயே வருகிறது. ரங்கநாதன் தெருவை வைத்து 2010இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்துக் கலங்காதவர் குறைவு. ஆனால் சட்டத்தை முதலில் அசைத்தவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப்பெண்கள். தையல் வேலை செய்துவந்த விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' முதலில் கேட்டது கழிப்பறை, பிறகு கேட்டது உட்காரும் உரிமை. கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரும்படி இருக்கை தர வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இன்று பல கடைகளில் இருக்கை இருக்கிறது, அதன் மேல் பண்டல் இருக்கிறது. இன்னும் சில இடங்களில் இருக்கை காலியாகத்தான் கிடக்கிறது, ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையில் யாருக்கும் உட்காரத் தோன்றாது. எனவே உரிமையாளர்களிடம் நேரடியாகக் கேட்கிறோம்: நீங்கள் தளத்துக்கு வரும்போது, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஊழியர்கள் பதறி எழ வேண்டாம் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். ஒரு தடவை நீங்கள் சொன்னால் சூப்பர்வைசர் பிறகு சொல்ல மாட்டார். இதற்குப் பைசா செலவில்லை. நாங்கள் அறிந்தவரை இதைவிடப் பெரிய மரியாதையும் இல்லை.

போனஸைப் பற்றிக் குழப்பமில்லாமல் சொல்லிவிட வேண்டும். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டத்தில் வேரூன்றி, 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்வது 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனஸ். பன்னிரண்டில் ஒரு பங்கு அது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடையில் அது முதலாளியின் அன்பளிப்பல்ல, பாக்கி. வெற்றிலை பாக்கு வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கவரைக் கையில் கொடுக்கிற வழக்கம் அழகானது, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தக் கவரிலிருந்து முன்பணத்தைப் பிடித்துக்கொண்டு, மீதிக்கு ஒரு குக்கரைக் கொடுத்து, அதையே போட்டோ எடுத்துப் போடுவதை நாங்கள் கண்டிக்கிறோம். குக்கர் தனி, போனஸ் தனி. இருபது பேர் இல்லாத சின்னக் கடைகளைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. இருந்தும் ஒரு மாதச் சம்பளத்தைத் தவறாமல் கொடுத்து, மதியம் ஊழியர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிற சின்ன முதலாளிகளை எங்களுக்குத் தெரியும். பெரிய கடைகள் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

தீபாவளி விடுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பண்டிகைக்கு முதல் நாள் நள்ளிரவுவரை ஊருக்கெல்லாம் புதுத்துணி விற்றுவிட்டு, பண்டிகை அன்று காலையில் திருநெல்வேலி பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவர்கள் எங்கள் உறுப்பினர்கள். வீடு சேரும்போது குழந்தைகள் பட்டாசு வெடித்து முடித்திருப்பார்கள். வெளியூர்க்காரர்களில் பாதிப் பேருக்காவது முதல் நாள் மதியமே விடுப்பு, மீதிப் பேருக்கு அடுத்த பண்டிகையில் முன்னுரிமை, பண்டிகைக்குப் பிறகு எல்லாருக்கும் சம்பளத்துடன் மூன்று நாள் ஓய்வு என்பதே எங்கள் கோரிக்கை. மே தினத்தன்று கடை திறந்தால் இரட்டைச் சம்பளமோ, சம்பளத்தோடு மாற்று விடுப்போ தர வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். அதைக் கேட்கிறவரைக் குழப்பக்காரர் என்று பார்க்கக் கூடாது.

வாடிக்கையாளர் முன்னால் ஊழியரைத் திட்டுவதும், வேலை முடிந்து போகும்போது எல்லாரையும் திருடர்போல் தடவிச் சோதிப்பதும் நடக்கிற இடத்தில் எந்தப் பாராட்டு விழாவுக்கும் அர்த்தமில்லை. அப்படிப்பட்ட கடைகள் நடத்துகிற விழாக்களில் எங்கள் நிர்வாகிகள் மேடையேற மாட்டார்கள்.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு முன் இந்த அறிக்கையை எங்கள் உறுப்பினர்கள் வேலை செய்கிற ஒவ்வொரு கடையின் உரிமையாளரிடமும் நேரில் கொடுத்துப் பேசுகிறோம். இருக்கையைச் சரியாகப் பயன்படுத்தவிடும் கடைகளின் பெயர்களை அவர்கள் சம்மதத்தோடு எங்கள் அலுவலக வாசலில் எழுதி வைப்போம். மறுக்கிற கடைகளைப் பற்றி முதலில் அவர்களிடமே எழுத்தில் கேட்போம், பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் மனு கொடுப்போம்.